யாருடைய சாவி?

எடப்பாடியில் என் அண்ணனுக்குப் பன்னிரண்டு விசைத்தறிகள் இருக்கின்றன. ஊரின் ஓரத்தில், சரபங்கா ஆற்றுப் பக்கமாகப் போகும் வழியில், நீளமான ஓட்டுக் கட்டடம். இரவும் பகலும் தறிகள் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஓசையில் பிறந்து வளர்ந்தவன் நான். மின்சாரம் போய்த் தறி நின்றால்தான் எனக்குத் தூக்கம் கலையும்.

போன தைப்பூசம் கழிந்து சில நாட்களுக்குப் பின் அந்தப் பட்டறை வாசலில் ஒரு சிறு வழக்கு நடந்தது. குரல்கூட உயராத வழக்கு. ஆனால் அது என் மனத்தில் ஒரு கேள்வியை விட்டுச் சென்றுவிட்டது. கதையாக எழுத முயன்றேன். கதைக்குள் அடங்க மறுத்தது. ஆகவே கட்டுரையாக எழுதுகிறேன்.

பதினைந்து ஆண்டுகளாக எங்கள் பட்டறையில் தறி ஓட்டியவர் ஒருவர். பெரியவர் என்றே சொல்லி வைக்கிறேன். மகள் கல்யாணத்துக்காக அண்ணனிடம் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். எங்கள் பக்கத்துத் தறிக்காரர்கள் அதற்குப் ‘பாக்கி’ என்று பெயர் சொல்வார்கள். வாரா வாரம் கூலியில் பிடித்துக்கொண்டு வந்தோம். இப்போது அவர் குமாரபாளையத்தில் இருக்கும் மகனோடு போய் இருக்க விரும்பினார். கணக்குத் தீர்க்க வந்தார். இன்னும் 6,000 ரூபாய்தான் பாக்கி என்றார் அவர். 18,000 இருக்கும் என்றார் அண்ணி. அண்ணனுக்கு நினைவே இல்லை.

கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா? அங்கேதான் சிக்கல். எங்கள் அப்பா காலத்தில் சிவப்புத் துணி ஒட்டிய பேரேடு இருந்தது. 2011-இல் அண்ணன் ஒரு கம்ப்யூட்டரும், கணக்கு எழுத ஒரு மென்பொருளும் வாங்கினார். ஆண்டுதோறும் அதற்குப் பணமும் கட்டினார். விற்றவர் பிறகு கடையைக் கட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். பழைய கம்ப்யூட்டர் பழுதாகி, புதியதில் அந்த மென்பொருளை ஏற்றியபோது, அது ஒரு எண்ணைக் கேட்டது. அந்த எண்ணைத் தரவேண்டியவர் தொலைபேசியை எடுப்பதில்லை. பத்து வருஷக் கணக்கும் ஒரு கோப்பாகக் கண் முன்னே கிடக்கிறது. அதை எப்படிப் படிப்பது என்பது விற்றவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியம்.

கணக்கு எங்களுடையது, நூல் எங்களுடையது, கூலி எங்கள் பணம். ஆனால் சாவி வேறொருவருடையது! அன்றைக்கு அண்ணன் பட்ட கோபத்துக்கு அளவில்லை. “நம்ம வீட்டுப் பெட்டியை நாம திறக்க இன்னொருத்தன் உத்தரவு வேணுமா, தம்பி?” என்று என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்விதான். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே நாம் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம்.

அண்ணன் மகன் சேலத்தில் கம்ப்யூட்டர் படித்தவன். நானோ பன்னிரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அவன்தான் எனக்கு ஆசிரியன். பட்டறைக்குப் புதிய கணக்கு மென்பொருள் ஒன்றைத் தானே எழுதிக்கொண்டிருந்தான். அதற்கு அடித்தளமாக அவன் வைத்துக்கொண்டது ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற தரவுத்தளம். தரவுத்தளம் என்றால் என்ன என்று கேட்டேன். “கணக்குப்பிள்ளைங்க, சித்தப்பா. நாம சொல்றதைப் பதிஞ்சு வைப்பான், கேட்கிறப்போ எடுத்துக் கொடுப்பான். பத்துப் பேர் ஒரே நேரத்துல கேட்டாலும் குழம்ப மாட்டான்” என்றான். நல்ல விளக்கம். மளிகைக் கடை முதல் வங்கி வரை இன்றைக்கு இந்தக் கணக்குப்பிள்ளை இல்லாத இடமே இல்லை.

அந்தக் கணக்குப்பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார் அண்ணன். ஒன்றும் இல்லை என்றான் பையன். அண்ணன் முகம் சுருங்கியது. “காசு வாங்காம வேலை செய்யறவன் வீட்டுக்குள்ள வந்தா, பானையை எண்ணி வைக்கணும்டா” என்றார்.

வியாபாரிக்கு உள்ள நியாயமான ஐயம் அது. பையன் பதில் சொல்லவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணத்தில் பஞ்சாமிர்தம் எடுத்துக்கொண்டு வந்தான்.

எடப்பாடிக்காரர்களுக்குப் பழனி எவ்வளவு நெருக்கம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். தைப்பூசம் முடிந்த பின் எங்கள் ஊரிலிருந்து காவடிகள் புறப்படும். மலைக் கோயிலில் ஓர் இரவு தங்கும் வழக்கம் எங்கள் ஊர்க் காவடிக்காரர்களுக்கு உண்டு. அங்கேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்து கொண்டுவந்து ஊர் முழுவதும் பங்கிடுவார்கள். அந்தப் பஞ்சாமிர்தம்தான் கிண்ணத்தில் இருந்தது.

“இதைச் செய்யற விதம் யாருடையதுங்க?” என்று கேட்டான் பையன். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய். யாருக்குத் தெரியாது? யார் வேண்டுமானாலும் செய்யலாம். யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கடை வைத்து விற்றாலும் தடுப்பார் இல்லை. ஆனால் பழனிப் பஞ்சாமிர்தம் என்ற பெயருக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பின் அந்தப் பெயரை எல்லாரும் தம் டப்பாவில் ஒட்டிக்கொள்ள முடியாது. செய்முறை ஊருக்குப் பொது. பெயருக்குக் காவல் உண்டு.

மென்பொருளிலும் இதே கதைதான் என்றான் அவன். மென்பொருளுக்கும் செய்முறை உண்டு. அதை மூலநிரல் என்கிறார்கள். வணிக மென்பொருள்காரர் பெரும்பாலும் சமைத்ததை மட்டும் டப்பாவில் போட்டுத் தருவார்; செய்முறையைத் தரமாட்டார். டப்பாவின் மேல் இத்தனை பேர்தான் சாப்பிடலாம், இத்தனை நாள்தான் சாப்பிடலாம் என்று நிபந்தனை எழுதியிருக்கும். திறந்த மூலக்காரர் செய்முறையையும் சேர்த்துத் தருகிறார். படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று ஓர் உரிமமும் எழுதித் தருகிறார். இலவசமா இல்லையா என்பது இதில் இரண்டாவது செய்தி. விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கும் செய்முறை கிடைக்கலாம். காசில்லாமல் கிடைத்த பொருளும் பூட்டிய டப்பாவாக இருக்கலாம். விலையில்லாதது வேறு, விலங்கில்லாதது வேறு.

இந்த இடத்தில் விற்பவர்களுக்காக ஒரு வார்த்தை பேச எனக்குக் கடமை இருக்கிறது. எழுத்தை விற்றுச் சோறு தின்பவன் நான். விற்பது பாவம் என்று நான் எப்படிச் சொல்வேன்? 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் காட் என்ற ஆராய்ச்சியாளர், தரவுகளை அட்டவணைகளாக அடுக்கி வைக்கும் முறையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். உலகம் அதைப் படித்தது. படித்தவர்களில் ஒருவர் லாரி எலிசன். 1977-இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய நிறுவனம்தான் பின்னால் ஆரக்கிள் ஆயிற்று. 1979-இல் தங்கள் தரவுத்தளத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். முதற்பதிப்பு என்றால் யார் நம்பி வாங்குவார்கள்? எனவே முதற்பதிப்புக்கே ‘இரண்டாம் பதிப்பு’ என்று பெயர் வைத்தார்கள்! இந்தச் சாமர்த்தியத்தை நினைத்து நான் சிரித்தேன். நாவல் உலகிலும் இது நடப்பதுண்டு.

சிரிப்பு ஒரு புறம் இருக்கட்டும். வணிகரிடம் ஒரு நேர்மை உண்டு. பணம் வாங்கினார், ரசீது கொடுத்தார், பழுதானால் கூப்பிட ஓர் ஆள் இருக்கிறார். நள்ளிரவில் வங்கியின் கணக்கு நின்றுபோனால் ‘ஊருக்குப் பொது’ என்ற சொல் ஓடி வந்து உதவாது. திறந்த மூல உரிமங்களைப் பாருங்கள். தாராளமாகக் கொடுத்துவிட்டு, இதனால் உங்களுக்கு ஏதாவது கெடுதல் வந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்றும் எழுதி வைத்திருப்பார்கள். சந்தையில் வாங்கிய கத்தரிக்காய் சொத்தையாக இருந்தால் சண்டை போடலாம். அடுத்த வீட்டு அம்மாள் கொடுத்த கத்தரிக்காயில் புழு இருந்தால் யாரோடு சண்டை போடுவது?

ஆகவே, விற்பவர் கெட்டவர், கொடுப்பவர் நல்லவர் என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. அப்படியானால் எதைக் கொண்டு பிரிப்பது?

கொடுப்பவர்களிலேயே இரண்டு வகை இருக்கிறது. எடுத்துக்கொள், என்ன வேண்டுமானாலும் செய்துகொள், என் பெயரை மட்டும் அழித்துவிடாதே என்று கொடுப்பவர் ஒரு வகை. போஸ்ட்கிரெஸ் அப்படிப்பட்டது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய வேலை அது. அதைப் பூட்டிய டப்பாவில் போட்டு விற்றாலும் அந்த உரிமம் தடுக்காது. இரண்டாவது வகை, நிபந்தனையோடு கொடுப்பது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் வெளியிட்ட ஜி.பி.எல். என்ற உரிமம் அந்த வகை. அதன் நிபந்தனை இதுதான்: இதை வைத்து நீ ஒன்றைச் செய்து பிறருக்குக் கொடுத்தால், உனக்கு நான் கொடுத்த சுதந்திரத்தை அவர்களுக்கும் நீ கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வைத்துக்கொண்டால் கேள்வி இல்லை. வெளியே கொடுத்தால் செய்முறையோடு கொடு.

எது உயர்ந்த கொடை? முதலில் கேட்டபோது நிபந்தனையில்லாததே உயர்ந்தது என்று எனக்குப் பட்டது. நிபந்தனை போட்டால் அது கொடையா, ஒப்பந்தமா என்று நினைத்தேன். அப்புறம் பையன் இரண்டு பெண்களின் கதையைச் சொன்னான்.

ஃபின்லாந்துக்காரர் மைக்கேல் விடேனியஸ். அவருக்கு மூத்த மகள் பெயர் மை. 1995-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட தரவுத்தளத்துக்கு அந்தப் பெண்ணின் பெயரை வைத்து மைஎஸ்கியூஎல் என்று அழைத்தார். 2000-இல் அதை ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். கூடவே ஓர் ஏற்பாடும் வைத்திருந்தார்கள். நிபந்தனையை ஏற்பவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம்; என் செய்முறையை வெளியே காட்ட மாட்டேன் என்பவர்கள் பணம் கட்டி வேறு உரிமம் வாங்கிக்கொள்ளலாம். ஒரே பொருளுக்கு இரண்டு உரிமம். சுதந்திரத்தைப் பகிர்ந்துகொள்ள மறுப்பவன் அந்த மறுப்புக்கு விலை கொடுக்கட்டும் என்பது இதன் உட்பொருள். எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது.

2008-இல் சன் நிறுவனம் ஏறக்குறைய நூறு கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. அந்த சன்னை ஆரக்கிள் வாங்கும் பேச்சு 2009-இல் வந்தது, 2010-இல் வாங்கியும்விட்டது. தரவுத்தள வியாபாரத்தின் பெரும்புள்ளி கையில் தன் மகள் பெயர் போய்ச் சேரும் என்று கண்ட தகப்பனார் என்ன செய்தார்? தாம் எழுதியதையே மறுபடி எடுத்துக்கொண்டு தனிக் கிளையாகத் தொடங்கினார். அதற்கு மரியாடிபி என்று பெயர். மரியா அவருடைய இளைய மகள்.

பெயரை விற்றாயிற்று, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. ஆனால் செய்முறை ஊருக்குக் கொடுக்கப்பட்டது. ஊரார் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதை எழுதியவரும் ஊராரில் ஒருவர்தானே? ஒரு காலத்தில் தாம் பிறருக்காகத் திறந்து வைத்த வாசல் வழியாக அவரே தப்பித்து வந்தார். கொடுத்தது கொடுத்தவரைக் காப்பாற்றியது. இதைவிடச் சுவையான திருப்பத்தை நான் என் நாவல்களில் எழுதியதில்லை.

இதிலிருந்து எனக்கு ஒன்று விளங்கியது. கொடையின் பெருமை நிபந்தனை இருக்கிறதா இல்லையா என்பதில் இல்லை. கொடுத்தவர் நாளைக்கு மனம் மாறினால், அல்லது மாண்டுபோனால், அல்லது விற்றுவிட்டால், வாங்கியவன் கையில் என்ன மிஞ்சும் என்பதில் இருக்கிறது. உரிமம் என்பது விலைச் சீட்டு அல்ல. அது நாளையைப் பற்றிய வாக்குறுதி.

ஆனால் வாங்குபவன் தரப்பிலும் ஒரு தர்மம் உண்டு. அதைப் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஒரு கால் இல்லாத நாற்காலியாகிவிடும். இத்தாலியில் சிசிலித் தீவுக்காரர் சால்வதோரே சன்ஃபிலிப்போ 2009-இல் ரெடிஸ் என்றொரு தரவுத்தளத்தை நிபந்தனையில்லாத வகையில் கொடுத்தார். உலகம் எடுத்துக்கொண்டது. பெரும் கணினிக் கூடங்களைக் கட்டி வாடகைக்கு விடும் நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. அதை வாடகைக்கு விட்டுப் பெரும் பொருள் ஈட்டின. ஊர்க் குளத்துத் தண்ணீரை லாரியில் ஏற்றி விற்பவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குளம் தூர் வாரும்போது அவர் மண்வெட்டியோடு வருகிறாரா என்று கேட்கும் கோபம் ஊராருக்கு இருக்கும் அல்லவா? அப்படி ஒரு கோபம் மூண்டது. 2018-இல் மோங்கோடிபி என்ற வேறொரு தரவுத்தள நிறுவனம் இதே காரணத்துக்காகத் தன் உரிமத்தை இறுக்கிக்கொண்டது. ரெடிஸை வைத்திருந்த நிறுவனமும் 2024 மார்ச்சில் அவ்வாறே செய்தது. அந்த மாதமே மற்றவர்கள் பழைய செய்முறையை எடுத்துக்கொண்டு வால்கீ என்ற பெயரில் தனிக் குடித்தனம் போனார்கள். 2025 மே மாதத்தில் ரெடிஸ் மறுபடியும் ஒரு திறந்த உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது.

இதில் யார் குற்றவாளி? நிபந்தனையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு நன்றியில்லை என்று அழுவது முறையாகாது என்பார் ஒருவர். உண்மைதான். நாளைக்குச் செய்வதற்கு வேறு விதி வைக்கலாம். நேற்றுக் கொடுத்ததைப் பிடுங்க முடியாது. அவர்களும் பிடுங்கவில்லை. ஆனால் சட்டம் கேட்காத கடன் கடனே அல்ல என்று நினைப்பது இன்னும் பெரிய பிழை. தாய்ப்பாலுக்கு உரிமம் கிடையாது. அதனால் பிள்ளைக்குக் கடன் இல்லை என்று ஆகிவிடுமா? எழுதிய கடனை நீதிமன்றம் வசூலிக்கும். எழுதாத கடனை மனிதனே தன்னிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டுக்கே வருகிறேன். பாரதியார் 1921-இல் காலமானார். பாடியது ஊருக்காக. ஆனால் அவர் பாட்டுகளின் உரிமை கை மாறிக் கை மாறி, ஒலிப்பதிவு உரிமை ஏவி. மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. நூல்களின் உரிமை குடும்பத்தார் பக்கம் இருந்தது. பாரதி பாடலை நினைத்த மாத்திரத்தில் படத்தில் சேர்த்துவிட முடியாது. நாடகக் கலைஞர் அவ்வை தி. க. சண்முகம் முதலியவர்கள் இதை விடுவிக்க வேண்டும் என்று பாடுபட்டார்கள். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் அரசு உரிமையைப் பெற்றது. செட்டியார் பணம் வாங்காமல் தம் உரிமையைக் கொடுத்தார். கவிஞரின் குடும்பத்துக்கு அரசு ஒரு தொகை கொடுத்தது. பின்னர் அது மக்கள் எல்லாருக்கும் பொதுவாயிற்று.

இந்த நிகழ்ச்சியில் இரண்டு பாடங்களைப் பார்க்கிறேன். சாவி ஒருவர் கையில் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் மனம் இரங்கும்வரை ஊர் காத்திருக்க வேண்டும். இது முதற்பாடம். பொதுவாக்குவது என்றால் உழைத்தவனைப் பட்டினி போடுவது அல்ல. கவிஞரின் குடும்பத்தை மறந்துவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் அது தானம் ஆகாது, பறிப்பு ஆகும். இது இரண்டாவது பாடம்.

எனக்கும் ஒரு சின்ன அனுபவம் உண்டு. என் முதல் நாவலை இருபத்தைந்து வயதில் 8,000 ரூபாய்க்கு முழு உரிமையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். பதிப்பகத்தின் பெயர் எதற்கு? இன்றைக்கு அந்த நாவல் கடையில் இல்லை. அவர்களும் மறுபடி அச்சிடுவதில்லை. என்னையும் அச்சிட விடுவதில்லை. விற்றதற்காக நான் வருந்தவில்லை. அன்று அந்தப் பணம் வீட்டு வாடகைக்கு வேண்டியிருந்தது. திறப்பதற்கு ஒரு வழிகூட மிச்சம் வைத்துக்கொள்ளாமல் விற்றேனே, அதற்குத்தான் வருந்துகிறேன்.

இவ்வளவும் பேசிவிட்டுப் பட்டறை வாசலுக்குத் திரும்ப வேண்டும். பெரியவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார்.

அண்ணன் அவரிடம் தம் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். விற்றவன் ஓடிவிட்டான், எண் கேட்கிறது, பெட்டி திறக்கவில்லை, நம் கணக்கே நமக்குத் தெரியவில்லை என்று. பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, “உங்களுக்கு இந்தப் பத்து நாளாத்தானுங்க தெரியல. எனக்கு என்னைக்குங்க தெரிஞ்சுது?” என்றார்.

அவர் குத்திப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னார். பதினைந்து ஆண்டுகளாக அவர் கூலியில் வாரா வாரம் பிடித்தோம். எவ்வளவு பிடித்தோம், எவ்வளவு மிச்சம் என்பது எங்கள் பேரேட்டில் இருந்தது. பிறகு எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது. அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நாங்கள் சொன்னதே கணக்கு. விற்றவர் எங்களுக்குப் போட்ட பூட்டைப் பார்த்துக் கொதித்தோம். நாங்கள் அவருக்குப் போட்டிருந்த பூட்டு எங்கள் கண்ணில் படவே இல்லை.

அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “சரி, 6,000-ன்னே வெச்சுக்கலாம்” என்றார். அண்ணியும் மறுக்கவில்லை. பெரியவர் 6,000 ரூபாயை எண்ணி வைத்தார். யார் நினைவு சரி என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நாங்களே அடைத்துவிட்ட பிறகு, அந்த அடைப்பின் நஷ்டம் எங்களுடையதாக இருப்பதுதான் நியாயம்.

உரிமங்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டதன் சாரம் அந்தப் பெரியவரின் ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. எந்தக் கணக்கில் ஒருவனுடைய வாழ்க்கை எழுதப்பட்டிருக்கிறதோ, அந்தக் கணக்கைத் திறந்து பார்க்க அவனுக்கு வழி இருக்க வேண்டும். மென்பொருளுக்கு விலை வைக்கலாம், உழைப்புக்குக் கூலி கேட்கலாம், பெயரைக் காக்கலாம். ஆனால் ஒருவன் தன் கணக்கைத் தான் பார்ப்பதற்கு நிரந்தரமாக இன்னொருவன் தயவில் இருக்கும்படி செய்வது எந்த உரிமத்தின் பெயராலும் அறம் ஆகாது. இது பெரிய நிறுவனங்களுக்கும் பொருந்தும். பன்னிரண்டு தறிக்காரருக்கும் பொருந்தும்.

பையனின் மென்பொருள் இப்போது எங்கள் பட்டறையில் ஓடுகிறது. அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நாலைந்து பேர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். விற்பதா, கொடுப்பதா என்று என்னிடம் கேட்டான். “நீ எங்கே படிச்சு இதைக் கத்துக்கிட்டே?” என்று திருப்பிக் கேட்டேன். கல்லூரியில் புரியாததை, து. நித்யா என்ற அம்மையார் எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்’ என்ற நூலைப் படித்துத்தான் புரிந்துகொண்டேன் என்றான். ‘கணியம்’ என்ற தமிழ் அமைப்பு வெளியிட்ட நூல் அது. யாரும் படிக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு வந்தது. அவனும் காசு கொடுக்காமல்தான் படித்தான்.

அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே ஒரு முடிவுக்கு வந்தான். பட்டறை பட்டறையாகப் போய் அமைத்துக் கொடுப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் கூலி வாங்கிக்கொள்கிறான். அது அவன் உழைப்பு. செய்முறையை மறைப்பதில்லை, நாளைக்கு அவன் சேலத்துக்கோ சென்னைக்கோ போய்விட்டால் வேறொருவர் தொடர்ந்து செய்யலாம். தறிக் கணக்கை எப்படி அமைப்பது என்று தமிழில் ஒரு சிறு கையேடு எழுதி, அதையும் ஊருக்கு விட்டுவிட்டான். அந்த அம்மையாருக்கு நேராகத் திருப்பிக் கொடுக்க முடியாத கடனை, அடுத்து வருபவனுக்குக் கொடுத்துத் தீர்க்கிறான்.

அண்ணனுக்கு இன்னும் ஐயம் தீரவில்லை. “சும்மா கிடைச்சது என்னைக்கு இருந்தாலும் கேள்வி கேட்கும்” என்கிறார். ஒரு விதத்தில் அவர் சொல்வது சரி. சும்மா கிடைத்தது கேள்வி கேட்கத்தான் செய்கிறது: நீ என்ன கொடுத்தாய் என்று.

சனிக்கிழமை கூலி போடும் நாளில் இப்போது ஒரு புதிய வழக்கம் வந்திருக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் பணத்தோடு ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கிறார்கள். இந்த வாரம் நெய்த மீட்டர், கூலி, பிடித்த பாக்கி, மீதிப் பாக்கி, எல்லாம் தமிழில். சிலர் அதைப் பார்க்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் விளக்கடியில் போய் நின்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் அதைப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, கணக்கில் 40 ரூபாய் குறைகிறது என்றாள். பார்த்தால் குறைந்துதான் இருந்தது. அண்ணன் கொஞ்சம் முணுமுணுத்துக்கொண்டே 40 ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.